ஈ மொய்க்காத தோப்பு

மொரப்பூரில் இறங்கி, ரயில் பாதையைத் தாண்டிப் போகிற ரோட்டில் யாரிடமாவது காளியப்பன் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். "எந்தக் காளியப்பன்? சண்டைக்காரக் காளியப்பனா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவார்கள். அது பாதிப் பொய். அவனாகப் போய் யாரிடமும் சண்டை இழுத்ததில்லை. தானாக வருகிற சண்டையை வாசலோடு திருப்பி அனுப்பத் தெரியாது, அவ்வளவுதான். லைன்மேன், கண்டக்டர், ரேஷன் கடைக்காரர் என்று ஒருத்தர் பாக்கியில்லை. ஐம்பது வயதாகிறது, இன்னும் அடங்கவில்லை.

ஆறாவதோடு படிப்பு போனது. மீசை முளைத்ததும் போர்வெல் லாரியில் ஏறி, ஆந்திரா, ஒடிசா என்று ஊர் ஊராகப் பூமியில் ஓட்டை போட்டுத் திரிந்தான். அப்பா செத்த சேதி கேட்டு வந்தவன் திரும்பிப் போகவில்லை. அப்பா வைத்த மாந்தோப்பு நின்றிருந்தது. அத்தனையும் பெங்களூரா, நுனி கிளி மூக்கு மாதிரி வளைந்து, ஜூஸ் கம்பெனிக்கு லாரி லாரியாகப் போகிற காய். அண்ணன் மாரப்பன் ஓசூரில் டயர் கடை வைத்து அங்கேயே தங்கிவிட்டார். நிலம் இரண்டு பேருக்கும் பொது. உழைப்பு தம்பியுடையது, விளைச்சலில் பாதி அண்ணனுடையது.

மூன்று வருடமாக அந்தப் பாதிக்கும் வழியில்லாமல் போயிற்று. மரம் பூக்காமல் இல்லை. பூக்கிறது, இலை தெரியாமல் பூக்கிறது. பூத்ததெல்லாம் கருகி உதிர்ந்து, காலடியில் தவிடு மாதிரிக் கிடக்கிறது. பிஞ்சு மட்டும் நிற்பதில்லை.

இந்த வருடம் பொங்கலுக்கு வந்த மாரப்பன், கறிச்சோறு தின்று கையைக் கழுவிய கையோடு சொல்லிவிட்டார்.

"டேய் காளி, இந்த மாசியும் பிஞ்சு நிக்கலைன்னா நான் மரவியாபாரியக் கூட்டியாந்துடுவேன். எல்லாத்தயும் அறுத்துப் போட்டுட்டு மரவள்ளி நட்டுடலாம். கெழங்கு பூக்கவும் வேணாம், காய்க்கவும் வேணாம்."

"அப்பா வச்ச மரம்ண்ணா."

"அப்பா இருந்திருந்தா போன வருசமே அறுத்திருப்பாரு. அவருக்கு உன்னாட்டம் பொறுமை கெடையாது."

காளியப்பனுக்குப் பொறுமை இருக்கிறது என்று உலகத்தில் சொன்ன ஒரே ஆள் மாரப்பன்தான். அதையும் ஏசுவதற்காகச் சொன்னார்.

தோப்புக்குக் கிழக்கே யுவராணியின் நிலம். புருசன் திருப்பூரில். இவள் ஐந்து எருமை வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கிறாள். எருமைக் கொட்டாய் வேலியை ஒட்டி இருந்தது. கொட்டாயை ஒட்டிக் குப்பைமேடு. தினமும் வாரிக் கொட்டுகிற சாணியும் மூத்திரத்தில் நனைந்த வைக்கோலும் சேர்ந்து ஆள் உயரத்துக்கு நிற்கும். ஈ என்றால் அப்படி ஒரு ஈ. கிழக்கு வரிசை மரத்தடியில் உட்கார்ந்து ஒரு வாய் சோறு தின்ன முடியாது. இதற்காக அவளோடு காளியப்பன் போட்ட சண்டை ஊருக்கே மனப்பாடம்.

"ஏம்மா யுவராணி, உன் வூட்டு ஈயெல்லாம் என் சோத்துல வந்து உக்காருது."

"ஈக்குப் பட்டா இல்லீங்க மாமா. அது இஷ்டத்துக்குப் போவும். வேணும்னா நெத்தியில என் பேரு எழுதி இருக்குதான்னு பாருங்க."

ஐப்பசியில் நடந்த கிராம சபைக் கூட்டத்தில் காளியப்பன் எழுந்து நின்று பேசினான். சுகாதாரம் என்றான், டெங்கு என்றான், வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னான். யுவராணியும் பதிலுக்குப் பேசினாள், ஆனால் மைக் இவன் கையில் இருந்தது. கார்த்திகை முடிவதற்குள் அவள் கொட்டாயை விட்டுவிட்டுக் குப்பைமேட்டை மட்டும் நிலத்தின் மறுகோடியில், வண்டிப்பாதை ஓரத்துக்குக் கொண்டுபோய்விட்டாள். வாழ்க்கையில் அவன் ஜெயித்த ஒரே சண்டை அது. அன்றைக்குக் கோழி அடித்துத் தின்றான்.

இதில் ஒரு விசயம் சொல்ல வேண்டும். பொய்த்துப்போன அந்த மூன்று வருடத்திலும் கிழக்கு வரிசை மட்டும் கொஞ்சம் காய்த்தது. ஏன் என்பதற்கு அவனிடம் பதில் இருந்தது: குப்பைமேட்டின் சாறு வேருக்கு இறங்குகிறது, அந்தச் சத்தில் காய்க்கிறது. நம் ஊரில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். அதனால் மட்கின எருவை டிராக்டர் டிராக்டராக வாங்கி எல்லா மரத்துக்கும் பாத்தி கட்டிப் போட்டிருந்தான். சாறு இறங்கியாயிற்று, இனி மேடு எதற்கு, ஈ எதற்கு என்பது அவன் கணக்கு.

தை பாதியில் தோப்பு பூத்தது. பூங்கொத்துகளில் தத்துப்பூச்சி இறங்கியது. அரிசி மணி அளவுப் பூச்சி. கிட்டே போனால் முகத்தில் தெறிக்கும். பூவின் சாற்றை உறிஞ்சிப் பிசுபிசுவென்று தேன் மாதிரி ஒழுகவிடும். மருந்துக் கடைக்காரர் போன வருடம் கொடுத்ததைவிடப் பெரிய பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். காளியப்பன் அடித்தான். பூச்சி விழுந்தது. பொறிவண்டு, சிலந்தி, தேனீ, ஈ என்று கூடவே எல்லாம் விழுந்தன. அவனைப் பொறுத்தவரை பறப்பதெல்லாம் பூச்சி, பூச்சியெல்லாம் எதிரி. பத்து நாள் கழித்துத் தத்துப்பூச்சி மட்டும் முன்னைவிட அதிகமாகத் திரும்பி வந்தது. மறுபடி அடித்தான்.

பூ உதிர்ந்தது. இந்தத் தடவை கிழக்கு வரிசையும் சேர்ந்து உதிர்ந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவனிடம் யாரும் வாய் கொடுக்கவில்லை. மனைவி கோகிலவாணி சோற்றைப் போட்டுவிட்டு அந்தாண்டை போய்விட்டாள். ஒன்பதாவது படிக்கிற மகள் காவியா மறுநாள் பரீட்சைக்கு உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள்.

"சூழ்நிலை மண்டலத்தில் உயிரினங்கள் மூவகைப்படும். உற்பத்தியாளர்கள், நுகர்வோர், சிதைப்போர்..."

"நான் எதுல வரேன்?" என்றான், சோற்றைப் பிசைந்துகொண்டே.

"நீ நுகர்வோர்ப்பா."

"நுகர்வோர்னா?"

"தின்றவங்க."

"ஏன்டி, காலையில இருந்து தோப்புல சாவுறேன், நான் உற்பத்தி பண்ணலையா?"

"மரந்தாம்ப்பா உற்பத்தியாளர். வெயில்ல சொந்தமா சாப்பாடு செய்யுது. மனுசன், ஆடு, தத்துப்பூச்சி எல்லாம் நுகர்வோர்."

"தத்துப்பூச்சியும் நானும் ஒண்ணா?"

"புஸ்தகத்துல ஒரே கட்டத்துலதான் போட்டிருக்கு."

அடுப்படியில் கோகிலவாணி சிரிப்பை அடக்கியது அவனுக்குக் கேட்டது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

மறுநாள் வண்டிப்பாதை வழியாகப் போனவன், யுவராணியின் புதுக் குப்பைமேட்டின் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான். மேட்டின் தலைக்கு மேல் ஒரு நாட்டு மா. யாரும் நடாத, தண்ணீர் விடாத, மருந்தென்றால் என்னவென்றே தெரியாத புறம்போக்கு மரம். புளிப்பென்றால் பல் கூசும்; பையன்கள்கூட கல்லெறிய மாட்டார்கள். அதன் பூங்கொத்தெல்லாம் பட்டாணி பட்டாணியாகப் பிஞ்சு.

அவனுக்கு வந்த எரிச்சல் சொல்லி மாளாது. பாத்தி கட்டி எருப்போட்டு மருந்தடித்துப் பார்த்துப் பார்த்து வளர்த்த மரம் மொட்டையாக நிற்கிறது, நாதியில்லாத மரம் கொத்துக் கொத்தாகக் காய்க்கிறது. சாறு இறங்கியதா என்றால், மேடு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, மழையும் இல்லை, சாணி மேலே காய்ந்து பொருக்குத் தட்டிக் கிடக்கிறது. பிறகு எப்படி? ஒரு கிளையை வெடுக்கென்று இழுத்தான். குப்பென்று ஈக்கள் எழும்பின. பச்சை ஈ, வீட்டு ஈ, வரி போட்ட சின்ன ஈ. கையை வீசி விரட்டினான். கையை எடுத்ததும் வந்து உட்கார்ந்தன. இவன் முகத்தில் அல்ல, பூவில். தலையைப் பூவுக்குள் விட்டுப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, ஒரு பூ விட்டு ஒரு பூ, ஒரு கொத்து விட்டு ஒரு கொத்து. ஒரு ஈயின் காலில் மஞ்சளாகப் பொடி ஒட்டியிருந்தது.

தேனீ மகரந்தம் சேர்க்கும் என்பது ஆறாவது படித்தவனுக்கும் தெரியும். ஈயா? சாணியில் பிறந்து, பீயில் உட்கார்ந்து, சோற்றில் விழுகிற இந்த ஈயா?

அங்கேயே நின்று யோசித்ததில் ஒவ்வொன்றாக வந்து மண்டையில் அடித்தது. போன வருடங்களில் மருந்தடித்தபோது கிழக்கு வரிசை ஈயும் செத்திருக்கும். ஆனால் சாணிமேட்டில் புழு இருந்தது. செத்ததற்குப் பதில் அடுத்த ஈ பிறந்து வந்தது. மற்ற மரங்களுக்கு வர ஈ இல்லை. மாடுகளை விற்று டிராக்டர் வாங்கியவன் இவன்தான். சொந்தக் குப்பைக்குழியை மூடிக் களம் போட்டதும் இவன்தான். அது நாலு வருடத்துக்கு முன்னால். மிச்சமிருந்த ஒரே மேட்டையும் மைக் பிடித்துப் பேசி விரட்டியாயிற்று.

"தூ" என்று துப்பினான். யார் மேல் துப்பினான் என்று அவனுக்கே தெரியாது.

மரம் ஒரே மூச்சில் பூக்காது. பாதிக் கிளை தையில் பூத்தால் மீதி மாசியில் பூக்கும். அந்த மாசிப் பூ மட்டும்தான் மிச்சம். அதற்குள் மேடு பழைய இடத்துக்கு வர வேண்டும். அதற்கு யுவராணியிடம் போய் நிற்க வேண்டும். அதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துப்போகலாம் என்று இருந்தது.

அவள் பால் கறந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"யாரு, மாமாவா? இப்ப என்னா, எருமை கத்துறது காதக் குடையுதா? அதையும் ஓசூருக்கு அனுப்பணுமா?"

"அந்தக் குப்பைமேடு..."

"அதான் தூக்கிட்டேனே."

"மறுபடி இங்கயே போட்டுக்கோ."

கறக்கிற சத்தம் நின்றது. செம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"உடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

"ஈ வேணும்."

"என்னாது?"

"ஈ வேணும்மா. ஈ வந்தாதான் பிஞ்சு நிக்கும். பாத்துட்டு வந்துதான் சொல்றேன்."

யுவராணி சிரித்த சிரிப்பில் எருமை காலை மாற்றி வைத்தது. "இருங்க, படியில அளந்து தரேன். பெரிய ஈ வேணுமா, சின்ன ஈ போதுமா? அன்னைக்கி அத்தினி பேரு முன்னாடி என்ன நாறுறவன்னு சொன்னீங்களே மாமா. நாறுறவன்னு."

"உன்னச் சொல்லல. மேட்டச் சொன்னேன்."

"மேடு என்னுதுதானுங்களே."

மன்னிப்பு என்ற வார்த்தை தொண்டை வரை வந்து, பழக்கமில்லாததால் அங்கேயே நின்றுவிட்டது. அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"நான் ஒத்தப் பொம்பளையா அந்தக் கோடிக்குச் செமந்தேன். நடு முதுகு இன்னும் வலிக்குது. நீங்க வேணும்னா செமந்துக்குங்க. பகல்ல செமக்கணும். நாலு பேரு பாக்கணும்."

சுமந்தான். கோகிலவாணியும் கூட வந்தாள். அன்னக்கூடையில் பச்சைச் சாணி ஒழுக ஒழுக, பால் ஊற்றப் போகிறவர்களும் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களும் வேலியோரம் நின்று பார்க்கச் சுமந்தார்கள். "என்னா காளியப்பா, கிராம சபையில வேற மாதிரி பேசுன?" என்று ஒருத்தன் கேட்டான். காளியப்பன் தலையில் கூடை இருந்ததால் கேட்டவன் தப்பித்தான்.

மேடு வந்ததே தவிர ஈ வரவில்லை. வந்த கொஞ்சம் ஈயும் சாணியைவிட்டு நகரவில்லை. முட்டை புழுவாகி, புழு கூடாகி, கூடு ஈயாக வேண்டுமாம், காவியா சொன்னாள். "அதுக்கு எத்தினி நாளு?" என்று கத்தினான், அவள்தான் முட்டையிட வேண்டும் என்பது போல. பூ மட்டும் காத்திராமல் விரிந்துகொண்டே இருந்தது. கடைசியில் சந்தையில் மலிவுக் கருவாடாகப் பார்த்து ஒரு மூட்டை வாங்கி வந்து, நனைத்து, பழைய சேலைத் துணியில் கட்டி மரத்துக்கு ஒன்றாகத் தொங்கவிட்டான். மேட்டை ஒட்டிய மரங்களுக்கு ஈ வந்தது. பின்னாலேயே காக்கை வந்தது. காக்கையை விரட்டினால் பூனை. பூனையை விரட்ட நாய். நாய் மூட்டையை இழுத்ததில் பூத்த கிளையே முறிந்தது. இதற்கிடையில் கரிச்சான் குருவிகள் கம்பியில் வரிசையாக உட்கார்ந்து, அவன் பாடுபட்டு வரவழைத்த ஈயைப் பறந்து பறந்து கொத்திப் போயின. கல்லெடுத்தான்.

"அடிக்காதப்பா, அது தத்துப்பூச்சியும் தின்னும்" என்றாள் காவியா.

"ஈயத் திங்காம தத்துப்பூச்சிய மட்டும் திங்கச் சொல்லு."

"அது உணவு வலைப்பா. ஒண்ண மட்டும் புடிச்சு இழுக்க முடியாது."

"எவன்டி கட்டுனான் இந்த வலைய, எனக்குன்னே" என்று கல்லைக் கீழே போட்டான்.

தத்துப்பூச்சி இருக்கத்தான் செய்தது. பூவில் பிசுபிசுப்பைப் பார்த்துவிட்டுக் கோகிலவாணி ஸ்பிரேயர் டேங்கைக் கழுவி வாசலில் வைத்தாள். "என்னாங்க, ஒரே ஒரு தடவ அடிச்சிருங்க. எல்லாம் போயிரும்." அவன் டேங்கை முதுகில் மாட்டித் தோப்பு வரைக்கும் போனான். ஒரு கொத்தில் தத்துப்பூச்சியும் ஈயும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. ஒன்றை மட்டும் கொல்கிற மருந்தை இதுவரைக்கும் எவனும் அவனுக்கு விற்கவில்லை. மருந்துக் கடைக்காரரையும், அவரை நம்பின தன்னையும் ஒரே வார்த்தையில் திட்டிக்கொண்டு, மாட்டினபடியே திரும்பி வந்தான். தூக்கம் கெட்டது. பொறிவண்டு ஒன்றிரண்டு தலைகாட்டியது, சிலந்தி வலை பின்னியது. போதுமா, போதாதா, யார் சொல்வது?

மாசிக் கடைசியில் மாரப்பன் சொன்னபடியே வந்தார். கூடவே மரவியாபாரி சவுரியப்பன், கையில் நாடா. தோப்புக்குள் நுழைந்ததும் மாரப்பன் துண்டை மூக்கில் வைத்தார்.

"என்னாடா இது, மீன் மார்க்கெட்டா? மாமரத்துல கருவாடு காய்க்குது!"

"பிஞ்சு நின்னிருக்குண்ணா. வந்து பாருங்க."

கிழக்கு வரிசையிலும் அடுத்த இரண்டு வரிசையிலும் பிஞ்சு இருந்தது. கோலிக்குண்டு அளவு, கொத்துக்கு ஒன்றிரண்டு. அங்கிருந்து மேற்கே போகப் போகக் குறைந்து, நடுத்தோப்பில் விரல்விட்டு எண்ணலாம் போலிருந்தது. கிணறும் ரோடும் இருந்த மேற்குக் கடைசியில் வெறும் காம்பு. ஈ அவ்வளவு தூரம் வரவில்லை. மாசிப் பூ இன்னும் கொஞ்சம் மட்டும் அங்கே விரிந்து நின்றது.

"இதுவாடா காய்ப்பு? ஊறுகாய்க்கு ஆவாது."

"இந்த வருசம் லேட்டாயிருச்சிண்ணா. மேடு ஒரு வருசம் இருக்கட்டும். நானும் ரெண்டு மாடு புடிக்கிறேன், மேற்கால ஒரு மேடு போடறேன். மருந்த நிறுத்திட்டேன். அடுத்த தை பாருங்க..."

"ஈய நம்பி நெலத்த உடறதா? வெளிய சொல்லாத, சிரிப்பாங்க. சவுரியப்பா, அளந்துக்க."

சவுரியப்பன் நாடாவை ஒரு மரத்தில் சுற்றினார். காளியப்பன் நாடாவின் மறுமுனையைப் பிடித்து இழுத்துவிட்டான்.

"உன் பாதிய வெட்டிக்க. என் பாதியில கத்தி பட்டா இங்க வேற ஏதாச்சும் அறுபடும்."

அண்ணனை அவன் ஒருமையில் பேசினது அதுதான் முதல் தடவை. மாரப்பன் தம்பியை மேலும் கீழும் பார்த்தார். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சரி. பாகம் பிரிச்சிக்கலாம்."

எங்கள் பக்கத்து முறை இது: மூத்தவன் பிரிக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். அப்போதுதான் பிரிக்கிறவன் நேர்மையாகப் பிரிப்பான். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரை வைத்துக்கொண்டு மாரப்பன் தோப்பின் நடுவில் குறுக்கே கயிறு பிடித்தார். மேற்குப் பாதியில் கிணறு, கரண்டு, தார் ரோடு. கிழக்குப் பாதியில் எருமை நாற்றம். இப்படிப் பிரித்தால் ஈயை நம்புகிற தம்பி கிழக்கைத்தான் எடுப்பான், கிணறும் ரோடும் தனக்கு வந்துவிடும் என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது.

கோகிலவாணி பின்னாலிருந்து அவன் சட்டையை இழுத்தாள். "கெணறுங்க. கெணத்த எடுங்க."

"கிழக்கு" என்றான் காளியப்பன்.

பெரியவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த யுவராணிகூட இந்தத் தடவை சிரிக்கவில்லை. "தண்ணிக்கு என்னா மாமா பண்ணுவீங்க?" என்று மட்டும் கேட்டாள். போர்வெல் லாரியில் ஊரான் நிலத்திலெல்லாம் ஓட்டை போட்டவன், தன் நிலத்தில் எத்தனை அடியில் தண்ணீர் இருக்கிறது என்று யோசித்ததே இல்லை.

மறுவாரம் மேற்கில் ரம்பம் ஓடியது. காளியப்பன் போகக் கூடாது என்று நினைத்தும் போனான். அப்பா நட்ட மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. பால் வடிகிற வாசனை. விழுந்த கிளைகளில் கடைசி மாசிப் பூ இன்னும் வாடவில்லை. அதில் ஈ உட்கார்ந்திருந்தது. ஒன்றல்ல, பத்திருபது. இத்தனை நாள் கருவாடு கட்டி, சாணி சுமந்து, கரிச்சானோடு மல்லுக்கட்டிக் கூப்பிட்டபோதெல்லாம் இந்தக் கோடிக்கு எட்டிப் பார்க்காத ஈ. வெட்டின மரம் என்று தெரியாமல், பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு பூவாக வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

"இப்ப எதுக்குடா வந்தீங்க?" என்று துண்டை எடுத்து வீசினான். எழும்பி, மறுபடி அதிலேயே உட்கார்ந்தன. "அந்தாண்ட போங்கடா. கிழக்கால போங்க. அங்க உயிரோட நிக்குதுடா."

ரம்பக்காரன் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தான். காளியப்பன் அவனைக் கண்டுகொள்ளாமல், துண்டைச் சுழற்றிக்கொண்டு, சாய்ந்த மரங்களுக்கு நடுவே ஈயைக் கிழக்கே ஓட்டிக்கொண்டிருந்தான்.